ரொறொன்ரோ வளவுப் பராமரிப்பு பக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வெட்டிவிடலாம்

பனி உருகத் தொடங்கியதும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கமெல்லாம் கதவுக் கைப்பிடியில் துண்டுப் பிரசுரம் தொங்கும். வசந்தத் துப்புரவு, நாலு தரம் பசளை, இரண்டு தரம் களைமருந்து, ஒரு ஏரேஷன் (மண்ணில் துளை போடுவது), வேரைத் தின்னும் புழுவைக் கொல்ல நெமற்றோட் என்ற நுண்புழு, இலையுதிர் காலத் துப்புரவு. மேலதிகக் காசு கொடுத்தால் சுண்ணாம்பும் போடுவார்கள், உருளையும் உருட்டுவார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும், உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே இங்கே எந்த நிறுவனத்தையும் எடைபோடவில்லை. பக்கேஜை மட்டும் வரிவரியாகப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முழுப் பக்கேஜ் கொடுக்கும் காசுக்குப் பெறுமதி இல்லை. நீண்ட குளிர் காலம் முடிந்து வீட்டுக்காரர் வெளியே வந்து புல்தரையைப் பார்த்துக் கவலைப்படும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அதன் பெரும்பகுதி செலவாகிறது. புல்லுக்கு உண்மையில் வேலை தேவைப்படுவது ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. இங்குள்ள புல் எல்லாம் குளிர்ச்சியான காலநிலையில் நன்றாக வளரும் வகை: கென்டக்கி புளூகிராஸ், பெரெனியல் ரைகிராஸ், ஃபெஸ்க்யூ. செப்டெம்பரில் மண் இன்னும் சூடாக இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், களைகளின் வேகம் குறைந்திருக்கும். அப்போது போட்ட விதைக்கும் பசளைக்கும் வேர் பிடிக்க ஒரு முழு இலையுதிர் காலமும் அடுத்த வசந்தமும் கிடைக்கின்றன. மே மாதத்தில் விதைத்த புல்லோ வேர் இறங்கும் முன்பே ஜூலை வெயிலில் அகப்படும். பக்கத்திலேயே கிராப்கிராஸ் என்ற களைப்புல்லும் முளைத்து இடத்தைப் பிடித்துவிடும்.

மண்ணையும் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதியின் புதிய குடியிருப்புகளில் வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்துவிடுவார்கள். அடிக் களிமண்ணைக் கனரக வண்டிகள் நசுக்கும். கடைசியில் அதன்மேல் மெல்லியதாகக் கொஞ்சம் மண் பரப்பிப் புல் பாளத்தை விரித்துவிட்டுப் போவார்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் புல்தரையில் குத்திப் பாருங்கள். ஈரமாக இருக்கும் நாளிலேயே அது நாலைந்து சென்ரிமீற்றருக்கு மேல் இறங்காவிட்டால், எத்தனை தரம் பசளை போட்டாலும் புல் திருந்தாது.

ஏரேஷனும் மேல்விதைப்பும்

ஒரே ஒரு சேவைக்குத்தான் காசு என்றால் மண்ணில் துளை போட்டு, இருக்கும் புல்லின்மேல் விதை தூவும் இந்த வேலைக்குக் கொடுங்கள். ஆனால் வசந்தத்தில் வேண்டாம், ஓகஸ்ட் கடைசிக்கும் செப்டெம்பர் 20க்கும் இடையில் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். மண்ணுருளையை வெளியே பிடுங்கிப் போடும் மிசினாக இருக்க வேண்டும். வெறும் ஆணி உருளை துளையைச் சுற்றியுள்ள களிமண்ணை இன்னும் இறுக்கிவிடும்.

பக்கேஜில் பெரும்பாலும் ஒரே ஒரு ஓட்டம்தான் சேர்ந்திருக்கும். நெடுக்காக ஒருமுறை வேகமாக ஓட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது போதாது. நெடுக்கும் குறுக்குமாக இரண்டு ஓட்டம் ஓட்டினால்தான் துளைகள் 5 முதல் 8 சென்ரிமீற்றர் இடைவெளியில் விழும். வேலை முடிந்ததும் கிடக்கும் மண்ணுருளைகளில் நாலைந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெருவிரல் நீளம், அதாவது 5 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். பாதி நீளம்தான் என்றால் மண் காய்ந்திருந்தபோது ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காய்ந்த களிமண் செங்கல் போல நிற்கும், மிசின் மேலாலே துள்ளிக்கொண்டு போகும். மழை இல்லாவிட்டால் முதல் நாளே 2.5 சென்ரிமீற்றர் மழைக்குச் சமமான தண்ணீர் விடுவது உங்கள் பொறுப்பு. நீர்த் தெளிப்பான் தலைகள், ஆழமில்லாமல் புதைத்த கேபிள், நாய் வெளியே போகாமல் நிலத்தடியில் புதைத்த வேலிக் கம்பி எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சின்னக் கொடி குத்திவையுங்கள். விழுந்த மண்ணுருளைகளை அள்ளக் கூடாது. ஓரிரு கிழமையில் தானே உதிர்ந்துவிடும்.

துளை போட்ட அன்றே விதை விழ வேண்டும். எந்த விதை என்று எழுத்தில் கேளுங்கள். பையில் ‘கனடா நம்பர் 1’ தரம் இருக்க வேண்டும், அனுவல் ரைகிராஸ் இருக்கக் கூடாது. அனுவல் ரைகிராஸ் ஒரு கிழமையில் பச்சையாகக் காட்டும், குளிர் காலத்தில் செத்துவிடும். வீட்டின் முன்பக்கத்தில் வெயில் படும் வளவுக்குப் புளூகிராஸும் பெரெனியல் ரைகிராஸும் கலந்தது, மரநிழலுக்கு ஃபைன் ஃபெஸ்க்யூ, தண்ணீர் விட ஆளில்லாத இடத்துக்கு டோல் ஃபெஸ்க்யூ. ரைகிராஸிலும் ஃபெஸ்க்யூவிலும் எண்டோஃபைற் (புல்லுக்குள்ளேயே வாழும் பூஞ்சணம்) உள்ள ரகம் கிடைத்தால் அதை எடுங்கள், புல்லின் சாற்றை உறிஞ்சும் சிஞ்ச் பூச்சி அதை அவ்வளவாகத் தொடாது. 1000 சதுர அடிக்கு ஏறத்தாழ 2 கிலோ விதை போதும். டோல் ஃபெஸ்க்யூவுக்கு மட்டும் 3 கிலோ வரை போகலாம். அதன்மேல் அரைத்த கொம்போஸ்ற் 6 மில்லிமீற்றர் கனத்தில். 1000 சதுர அடிக்கு முக்கால் கன யார் பிடிக்கும். இந்தக் கொம்போஸ்ற் எந்தப் பக்கேஜிலும் சும்மா வருவதில்லை, தனியாகத்தான் காசு கேட்பார்கள். கேட்கும் காசுக்கு இது பெறுமதியானது. களிமண் காலப்போக்கில் இளகுவது இதனால்தான்.

ரைகிராஸ் 5 முதல் 7 நாளிலும், ஃபெஸ்க்யூ 7 முதல் 14 நாளிலும், புளூகிராஸ் 14 முதல் 28 நாளிலும் முளைக்கும். பத்து நாளில் முளைத்ததைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை நிறுத்தினால் பாதி விதை வீணாகிவிடும். அப்போது முளைத்திருப்பது பெரும்பாலும் ரைகிராஸ்தான், புளூகிராஸ் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. மூன்று கிழமைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் மேல்மண் நனையும் அளவுக்குத் தண்ணீர் விட வேண்டும். இந்த வேலையை எந்த நிறுவனமும் செய்து தராது. தண்ணீர் விட முடியாதவர்கள் விதைக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

களைமருந்து

ஒன்ராறியோவில் அழகுக்காகப் பூச்சிகொல்லி, களைகொல்லி அடிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் தடை. 2,4-டி என்ற இரசாயனக் களைகொல்லி கலந்த பழைய மருந்தை வீட்டுப் புல்தரைக்கு இங்கே அடிக்க முடியாது. எல்லை தாண்டி வாங்கி வந்தாலும், வேறு மாகாணத்திலிருந்து யாரும் கொண்டுவந்து தந்தாலும் அடிப்பது சட்டவிரோதம்தான். ‘எங்களிடம் அந்தப் பழைய மருந்து இருக்கிறது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் அடித்துத் தருகிறோம்’ என்று சொல்லும் ஆளிடம் வேறு எந்த வேலையையும் கொடுக்காதீர்கள்.

சட்டப்படி கிடைப்பது இரும்புக் கீலேற் மருந்து. தொழில்முறையாளர்கள் அடிப்பது ஃபியெஸ்ரா என்ற பெயரில் வரும். அகன்ற இலைக் களை தாங்கக்கூடிய அளவைவிடக் கூடிய இரும்பை உறிஞ்சி, சில மணித்தியாலங்களில் கறுத்துப்போகும். புல்லோ அதே இரும்பால் இன்னும் கரும்பச்சையாகும். பார்த்தவுடன் அதிசயமாகத்தான் இருக்கும். ஆனால் மஞ்சள் பூப் பூக்கும் களையான டான்டெலியனின் ஆணிவேர் கீழே உயிரோடு இருக்கிறது. மூன்று நாலு கிழமையில் திரும்பத் தளிர்க்கும், அப்போது இரண்டாம் தரம் அடிக்க வேண்டும். பக்கேஜில் உள்ள ‘இரண்டு தரம்’ மே மாதம் ஒன்று, செப்டெம்பர் ஒன்று என்று பிரிந்திருந்தால் அது பயனில்லை. ஒரே பருவத்தில் நாலு கிழமை இடைவெளியில் இரண்டும் விழ வேண்டும். என் கணிப்பில் செப்டெம்பர்தான் நல்லது. களை வேருக்குச் சேமிப்பை அனுப்பும் காலம் அது. கறுத்த இடத்தைப் புல் உடனே மூடிக்கொள்ளவும் செய்யும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அதே செப்டெம்பரில் விதையும் போடுவதானால் புதுப்புல்லை இரண்டு மூன்று தரம் வெட்டும் வரை இந்த மருந்து அதன்மேல் படக் கூடாது. ஆகவே வெற்றிடம் கூடின வளவானால் முதல் ஆண்டு விதை, இரண்டாம் ஆண்டு மருந்து. அடர்ந்த புல்லுக்குள் களை முளைக்க இடம் இல்லாததால் பல வளவுகளில் இரண்டாம் ஆண்டு மருந்தே தேவைப்படாது. கிராப்கிராஸுக்கு இந்த மருந்து வேலை செய்யாது, அதுவும் புல் இனம்தான். தரையில் படரும் கிரீப்பிங் சார்லி என்ற களை கறுக்கும், பிறகு திரும்ப வரும்.

அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஒன்றுதான். இன்ரர்லொக் கல், கொங்கிறீற் படி, கராஜ் வாசல் எதன்மேல் துளி பட்டாலும் காய்வதற்குள் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். காய்ந்தால் துருக்கறை, அதைப் போக்குவது பெரும்பாடு. பின் வளவில் பயற்றை, பாகல், மிளகாய், தக்காளி போட்டிருப்பவர்கள் வேலி ஓரம் காற்றடிக்கும் நாளில் அடிக்க விடாதீர்கள். அவையும் அகன்ற இலைதான், பட்ட இடம் கருகும்.

சோளக் குளூற்றன் மா என்று இன்னொன்று வசந்தத்தில் விற்பார்கள். களை விதை முளைக்காமல் தடுக்கும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நைதரசனும் உண்டு. 1000 சதுர அடிக்கு 9 கிலோ போட்டால்தான் பலன் தெரியும். இரண்டு கிலோ தூவிவிட்டுப் போவது வெறும் பசளைதான். அது புல் விதையையும் முளைக்க விடாது, ஆகவே அதோடு மேல்விதைப்பைச் சேர்த்து விற்கும் பக்கேஜைக் கண்டால் விற்பவருக்குத் தொழில் தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் புழுவும் நெமற்றோடும்

ஐரோப்பியன் சேஃபர், ஜப்பானிய வண்டு இரண்டின் புழுக்களும் புல் வேரைத் தின்கின்றன. புல்தரை கம்பளம் மாதிரிச் சுருட்டி வரும். அதைவிட மோசம், அந்தப் புழுவுக்காக ஸ்கங்கும் ரக்கூனும் இரவோடிரவாக வளவைக் கிளறிவிடும். வண்டு ஜூன், ஜூலையில் முட்டையிடும், புழு ஓகஸ்டில் சிறிதாக மேல்மண்ணில் இருக்கும். நெமற்றோட் கொல்லக்கூடியது இந்தச் சின்னப் புழுவைத்தான். ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை அடித்தால் பலன் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் இருப்பது பெருத்த புழு, மண்ணும் குளிர். அப்போது நெமற்றோட் அடிக்கக் காசு கேட்டால் மறுத்துவிடுங்கள்.

காசு கட்டும் முன் புழு இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக மூன்று பக்கம் வெட்டி, 5 முதல் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் புல்லைப் புரட்டுங்கள். சுருண்ட வெள்ளைப் புழு, தலை மண்ணிறம். நாலைந்து இடத்தில் எண்ணிப் பார்த்து, சதுர அடிக்கு 5க்குக் குறைவாக இருந்தால் ஆரோக்கியமான புல் தாங்கும். 10க்கு மேல் என்றால் அடிக்கத்தான் வேண்டும்.

இந்தச் சேவையில்தான் ஏமாற்றம் அதிகம். நெமற்றோட் உயிருள்ள நுண்புழு. ஹெற்றரோராப்டிற்றிஸ் பாக்ரீரியோஃபோரா என்ற வகை என்று பொதியில் இருக்க வேண்டும். காலாவதித் திகதி பார்க்க வேண்டும், அடிக்கும் வரை குளிரூட்டியில் இருக்க வேண்டும். மதிய வெயிலில் வண்டிக்குப் பின்னால் கிடந்த பொதி செத்த பொதி. சதுர மீற்றருக்கு 2.5 முதல் 5 இலட்சம் என்ற கணக்கில், 5 கோடி கொண்ட ஒரு பொதி 100 முதல் 200 சதுர மீற்றருக்கு வரும். 2000 சதுர அடி வளவுக்கு ஒரே பொதியைக் கரைத்தால் அது ஆகக் குறைந்த அளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். தெளிப்பானின் நுண்வடியைக் கழற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் நெமற்றோட் வடியிலேயே நின்றுவிடும். சூரிய ஒளி பட்டால் சாகும் என்பதால் மாலையில் அல்லது மழைத் தூறலில்தான் அடிக்க வேண்டும். காலை பத்து மணிக்கு அட்டவணை போட்டு வருபவரைத் திருப்பி அனுப்பலாம், அதில் தவறே இல்லை. அடிக்கும் முன்பும் பின்பும் மண் நன்றாக நனைய வேண்டும். பிறகு ஒரு கிழமைக்காவது ஈரம் காயக் கூடாது.

பசளை, சுண்ணாம்பு, உருளை

நாலு தரம் பசளை தேவையில்லை. மே கடைசியில் ஒன்று, செப்டெம்பர் தொடக்கத்தில் ஒன்று, ஒக்டோபர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை ஒன்று. மூன்றில் எதையாவது விட வேண்டுமென்றால் மே மாதத்தை விடுங்கள், இலையுதிர் காலத்தை விடாதீர்கள். ஒரு தரத்துக்கு 1000 சதுர அடிக்கு 450 கிராம் நைதரசன் என்பது கணக்கு. பையில் 24-0-6 என்று இருந்தால் முதல் எண் நைதரசன் வீதம், ஆகவே 450ஐ 0.24ஆல் பிரிக்க வேண்டும்: 1.9 கிலோ பசளை. ஏப்ரலில் அடிக்கும் வேகமான நைதரசன் இலையை மட்டும் வளர்க்கும். கிழமைக்கு இரண்டு தரம் புல் வெட்ட வேண்டி வரும், வேர் ஆழம் போகாது.

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். தென் ஒன்ராறியோவின் மண் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்தது, ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது. மண் பரிசோதனை அறிக்கை காட்டாமல் இங்கே சுண்ணாம்பு விற்பது அநியாயம். உருளை உருட்டுவதும் அப்படித்தான். ஈரக் களிமண்ணை வசந்தத்தில் உருட்டினால் ஏரேஷனுக்குக் கொடுத்த காசு மண்ணோடு போகும். மிசினால் புல்தரையை விறாண்டும் பவர் ரேக்கிங், புல்லின் அடியில் சேரும் செத்த புல்லும் வேருமான வைக்கோல் படை 1.25 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் மட்டும். பனிப்பூஞ்சணம் பிடித்து வட்டவட்டமாகப் படுத்துக் கிடக்கும் புல்லை விறாண்டியால் மெல்லத் தூக்கிவிட்டால் போதும், பெரும்பாலும் அது தானே தேறும்.

இலையுதிர் காலத் துப்புரவு

இலையை முழுதாக அள்ளிக் காகிதப் பையில் கட்டி ஓரத்தில் வைப்பதற்குத்தான் பக்கேஜில் காசு. வெட்டும் மிசினால் இரண்டு ஓட்டம் ஓட்டிப் பொடியாக்கிப் புல்லுக்குள்ளேயே விட்டால் மண்ணுக்கு நல்லது, செலவும் குறையும். புல் தெரியாத அளவுக்கு இலை மூடியிருந்தால் மட்டும் மிச்சத்தை அள்ளச் சொல்லுங்கள். கோடையில் 7 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்த புல்லைக் கடைசி வெட்டில் 5 முதல் 6க்கு இறக்க வேண்டும். நீளமாகப் படுத்த புல்லில்தான் பூஞ்சணம் பிடிக்கும்.

இந்தத் துப்புரவில் பெரிய சேதம் செடிகளுக்கு நடக்கிறது. ஹெட்ஜ் வெட்டும் மிசினோடு வருபவர் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் உருண்டையாக வெட்டிவிடுவார். லைலாக், ஃபோர்சைதியா, பெரிய இலை ஹைட்ரேஞ்சியா ஆகியவை அடுத்த ஆண்டுப் பூமொட்டை முந்திய ஆண்டிலேயே கட்டிவிடுகின்றன. இலையுதிர் காலத்தில் வெட்டினால் அடுத்த ஆண்டு பூ இல்லை. அனபெல், பானிக்கிள் ஹைட்ரேஞ்சியாக்கள் அதே ஆண்டுப் புதுத் தளிரில் பூப்பதால் அவற்றை வசந்தத் தொடக்கத்தில் வெட்டலாம். தொடக் கூடாத செடிகளுக்குச் சிவப்பு நாடா கட்டிவிடுங்கள், வாயால் சொன்னது வேலைக்கு வரும் ஆளிடம் போய்ச் சேராது. ஓக் மரத்தை ஏப்ரல் தொடக்கம் இலையுதிர் காலம் வரை வெட்டவே கூடாது. ஓக் வாடல் நோய் 2023இல் ஒன்ராறியோவில் உறுதியானது, புது வெட்டுக்காயத்தின் வழியாகவே வண்டு அதைக் கொண்டுவரும். ரொறொன்ரோவில் 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ உள்ள தனியார் மரத்தை அகற்ற மாநகர அனுமதி வேண்டும். ‘பரவாயில்லை’ என்று வெட்டித் தரும் ஆள் போய்விடுவார், தண்டம் வீட்டுக்காரருக்கு வரும்.

நீர்த் தெளிப்பான் உள்ளவர்கள் காற்றடித்துக் குழாயை வெறுமையாக்கும் சேவையை ஒக்டோபர் முடிவதற்குள் முடியுங்கள். இங்குள்ள கறுப்புப் பொலிஎதிலீன் குழாய்க்கு 50 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது. தேவை காற்றின் அளவு, அழுத்தம் அல்ல. கராஜில் இருக்கும் சின்னக் கொம்பிறசர் இதற்குக் காணாது, மூலையில் தண்ணீர் தங்கி உறைந்து குழாய் வெடிக்கும். இது காசு கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. வேலியாக நடும் எமரல்ட் சீடர் மரத்துக்குக் குளிர்காலத்தில் சாக்குத் துணி கட்டுவதை நீங்களே செய்யலாம்: மண் உறையும் வரை தண்ணீர், நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு நாலு தடி நட்டு, இலையில் படாமல் சுற்றிலும் துணி, மேல்பக்கம் திறந்து. வடமேற்குக் காற்றும் வீதி உப்புத் தூவானமும் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் கட்டினாலும் போதும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

விலையில் 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மருந்தடிப்பவரின் உரிமம், டபிள்யூஎஸ்ஐபி (வேலையில் காயப்படும் தொழிலாளருக்கான மாகாணக் காப்புறுதி) சான்றிதழ், பொறுப்புக் காப்புறுதி மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். மரமோ வேலித்தூணோ நட நிலத்தைத் தோண்டுவதானால் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவை வழியாக நிலத்தடிக் குழாய், கேபிள் இணைப்புகளைக் குறிக்கச் செய்ய வேண்டும், அது இலவசம். வாசலில் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவரின் ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். அடுத்த ஆண்டு தானாகப் புதுப்பிக்கும் வரி இருந்தால் கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பனி அள்ளுவதை இந்தப் பக்கேஜோடு சேர்த்து வாங்குவதானால் எத்தனை சென்ரிமீற்றர் பனிக்கு வருவார்கள், எத்தனை மணிக்குள் முடிப்பார்கள், வீதியில் பனி தள்ளும் நகரசபை வண்டி போன பின் வாசலில் குவியும் வரம்பையும் அள்ளுவார்களா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கல்லுப்பு -10 பாகைக்குக் கீழே அதிகம் வேலை செய்யாது, அள்ளிக் கொட்டக் கொட்ட ஓரத்துப் புல்தான் கருகும். உப்புக் கலந்த பனியை எந்தப் பக்கம் குவிப்பது என்று சொல்லி, மண் உறையும் முன்பே ட்ரைவ்வே ஓரத்தில் அடையாளக் கம்பு நடுங்கள். பனி வழிக்கும் தகடு புல்லைக் கிழித்தால் வசந்தத்தில் மண்ணும் விதையும் போட்டுத் திருத்துவது அவர்கள் பொறுப்பு என்ற வரியையும் நவம்பரிலேயே எழுதி வாங்குங்கள்.